பலகைச் சுவரைத் தாண்டி வந்த தோட்டா

2006ஆம் வருடம், தேர்தல் நேரம். திண்டிவனத்தில் வாடகைக்கு இருந்தோம். ஒரே வீட்டை பிளைவுட் பலகையால் தடுத்து இரண்டு குடும்பங்களுக்கு விட்டிருந்தார் வீட்டுக்காரர். எங்கள் பங்கிலும் இன்னொரு பலகை அடித்து முன்னறை, உள்ளறை என்று பிரித்திருந்தார். பக்கத்துப் போர்ஷனில் தும்மினால்கூட எங்களுக்குக் கேட்கும்.

அங்கே இருந்தவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். வல்லம் பக்கம் சொந்த ஊர். நகைக்கடையில் காவல் வேலை. லைசன்ஸ் வாங்கிய கைத்துப்பாக்கி வைத்திருந்தார். தேர்தல் முடியும்வரை அதை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்திருந்தது.

அன்று மத்தியானம் என் கணவர் விழுப்புரத்தில் வேலையில் இருந்தார். இரண்டு வயது மகளை உள்ளறையில் பாயில் தூங்கவைத்துவிட்டு, முன்னறையில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தேன். படாரென்று ஒரு சத்தம். காது அடைத்துக்கொண்டது. கேஸ் சிலிண்டர்தான் வெடித்துவிட்டது என்று அடுப்படிக்கு ஓடினேன். அங்கே ஒன்றுமில்லை. அதற்குள் பலகைக்கு அந்தப் பக்கமிருந்து அவர் குரல்.

“ஏம்மா, புள்ள எங்க? ஜல்தியா போய் புள்ளயப் பாரு.”

அப்போதும் எனக்கு விளங்கவில்லை. முன்னறைக்குத் திரும்பி வந்து பார்த்தால், அவர் பக்கத்துப் பலகையில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. அதற்கு நேராகக் கொடியில் தொங்கிய சேலையிலும் ஓட்டை. அதையும் தாண்டி, உள்ளறைப் பலகையில் ஒன்று. உள்ளே போகவும் பயம், போகாமல் நிற்கவும் முடியவில்லை. பலகையைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தேன்.

மகள் எழுந்து உட்கார்ந்து, அழக்கூடத் தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தாள். தலையெல்லாம் சுண்ணாம்புத் தூள். பாய்க்கு மேலே, அவள் எழுந்து நின்றால் தலை வரும் உயரத்தில், செங்கல் சுவரில் பூச்சு பெயர்ந்து குழி விழுந்திருந்தது. அவளுடைய சட்டையைக் கழற்றி உடம்பு முழுக்கத் தடவிப் பார்த்தேன். காயமில்லை என்று தெரிந்தும் திரும்பத் திரும்பத் தடவினேன்.

பக்கத்துப் போர்ஷன்காரர் தானே ஸ்டேஷனுக்குப் போய் போலீஸைக் கூட்டிவந்தார். ஒப்படைப்பதற்கு முன் துடைக்கலாம் என்று, தோட்டா அடைக்கும் மேகசீனைக் கழற்றியிருக்கிறார். துப்பாக்கிக்குள்ளேயே ஒரு தோட்டா தங்கியிருந்ததைக் கவனிக்கவில்லை.

“இவ்வளவு கெட்டிப் பலகை தடுக்காதாங்க?” என்று கேட்டேன்.

“பலகையெல்லாம் அதுக்குக் காகிதம் மாதிரிம்மா,” என்றார் எஸ்.ஐ. “இது கைத்துப்பாக்கி, செங்கல்லுல நின்னுடுச்சி. ரைஃபிளா இருந்திருந்தா இந்த மெலிசான அரைக்கல் சுவத்தையும் தாண்டிக்கினு போயிருக்கும்.”

என் வாக்குமூலத்தை எழுத உட்கார்ந்தார்கள். பக்கத்துப் போர்ஷன்காரர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு காதோரம் சொன்னார்: “புள்ள உள்ள படுத்திருந்துச்சின்னு மட்டும் சொல்லாதக்கா. இவருக்கு வேலை போயிடும்.” தினமும் குழம்பு கொடுத்து வாங்கிய கை அது.

வாசலுக்கு வெளியே நின்று அதைப் பார்த்துவிட்ட அந்த ராணுவக்காரர், உள்ளே வராமலே சொன்னார்: “புள்ள இருந்ததையும் சொல்லும்மா. மறைக்காத.”

எல்லாவற்றையும் சொன்னேன். லைசன்ஸ் போனது. வேலையும் போனது. அவர்கள் ஊருக்கே திரும்பிப் போனார்கள். கிளம்பும்போது அவர் என் மகளைத் தூக்கவில்லை. தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுப் போனார்.

பிறகு நாங்களும் வீடு மாறினோம். ஆனால் பாயை எந்த மூலையில் விரித்தாலும் எனக்கு நிலைகொள்ளாது. தூங்குகிறவளை இழுத்து இழுத்து இடம் மாற்றிப் படுக்கவைப்பேன். எங்கே போனாலும் சுவரைத் தட்டிப் பார்க்கும் பழக்கம் இன்னும் விடவில்லை.

மகள் இப்போது வளர்ந்துவிட்டாள். அந்த மனிதரை நினைத்தால் கோபம்தான் முதலில் வருகிறது. அது அடங்குவதற்குள், தனக்கு எதிராகவே என்னைப் பேசச் சொன்ன அவருடைய குரலும் கேட்டுவிடுகிறது. அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்பேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.