மூன்று மாதத்தில் திரும்பிவிடலாமாம்

போன வாரம் லூனாஸில் ஒரு காப்பிக் கடை. சுவரோரம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு தேசத்து ஜெனரல், மார்பு நிறைய மெடல்களோடு, சண்டை சில வாரங்களில் முடிந்துவிடும் என்று பேசினார்.

எதிர் மேஜைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே, "முடிஞ்சிருமாம் லா" என்றார்.

அந்த 'ஆம்' போதும். நம்பவில்லை என்பதை நம் ஜனங்கள் அப்படித்தான் சொல்வார்கள். எதிர்த்துப் பேச வேண்டாம், யாரையும் பொய்யன் என்று சொல்ல வேண்டாம்... கேட்கிறவருக்குப் புரிந்துவிடும்.

அந்த 'ஆம்' ஒருமுறை என்னை வம்பில் மாட்டிவிட்டது. வாராவாரம் இந்தப் பத்தியில் எத்தனையோ எழுதியிருக்கிறேன். இதை எழுதியதில்லை. ஏன்? படித்தால் தெரியும்.

ஜப்பான்காரன் இந்த நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலம். எனக்கு இருபத்து மூன்று வயது. குலிம் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் சின்னக் கிராணியாக இருந்தேன். வெள்ளைக்காரத் துரை காரில் ஏறிப் போய்விட்டார். ஆபீஸ் மூடியாகிவிட்டது. ஜப்பானிய மொழி வகுப்புக்குப் போகிறவர்களுக்கு அரிசி கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும் என்றார்கள். என் மனைவி வாயும் வயிறுமாக இருந்தாள். மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. போகாமல் இருக்க முடியுமா?

நாலைந்து மாதத்தில் ஓரளவு பேச வந்தது. அந்த வட்டாரத்து ஜப்பானியக் கேப்டன் ஒருவர் தோட்டம் தோட்டமாகப் போய்க் கூட்டம் போட ஆரம்பித்தார். அவர் பேச்சைத் தமிழில் சொல்ல ஆள் வேண்டும். என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

கூட வந்தவர் நம்மவர். டவுனில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருந்தவர். வெள்ளைக்காரன் காலத்திலும் மேடை ஏறினார், ஜப்பான்காரன் காலத்திலும் ஏறினார். பெயர் வேண்டாம் — தலைவர் என்றே வைத்துக்கொள்வோம்.

விஷயம் இதுதான். வடக்கே, எல்லை தாண்டி, சயாம் நாட்டில் ரயில் பாதை போட ஜப்பான்காரனுக்கு ஆள் வேண்டும்.

முதல் கூட்டம் லூனாஸ் பக்கத்துத் தோட்டத்தில். காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டுக் களத்தில் எல்லோரையும் நிறுத்தியிருந்தார்கள். பாதிப் பேர் உடம்பில் சாக்குத் துணி. யாருடைய சண்டையோ... கட்டத் துணி இல்லாமல் போனது இவர்களுக்கு.

கேப்டன் பேசினார். நான் தமிழில் சொன்னேன்.

"சாப்பாடு உண்டாம். சம்பளம் உண்டாம். மூணு மாசத்துல திரும்பிடலாமாம்."

திட்டம் போட்டு அப்படிச் சொல்லவில்லை. சயாமைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் இந்தக் கேப்டனைத் தெரியும். அன்று காலையில்தான், குனிந்து கும்பிட்டது சரியில்லை என்று ஒரு வயதான காவற்காரரைக் கன்னத்தில் அறைந்திருந்தார். அவர் வாக்கை என் வாக்காகச் சொல்ல நாக்கு வரவில்லை.

முன்வரிசையில் அஞ்சலை அக்கா என்று ஒருவர். மரம் சீவுகிறவர், வேலைக்குப் போகும் வயதில் இரண்டு மகன்கள். தலைவரைப் பார்த்துக் கேட்டார்.

"ஏங்கய்யா, போன துரையும் ரெண்டு நாள்ல வந்திடறேன்னுதான் கார்ல ஏறுனாரு. இவங்க மூணு மாசங்கறாங்க. அவ்ளோ நல்ல எடம்னா, உங்க வீட்டுப் புள்ளைங்க யாராச்சும் வராங்களா?"

தலைவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கேப்டன் என் பக்கம் திரும்பி, அந்தப் பெண் என்ன கேட்கிறாள் என்றார்.

உள்ளதைச் சொன்னால் அக்காவுக்கு அடி விழும். அதோடு விட்டால் புண்ணியம். "அங்கே குளிருமா, போர்வை எடுத்து வர வேண்டுமா என்று கேட்கிறாள்" என்றேன். கேப்டன் முகம் மலர்ந்துவிட்டது. தேவையில்லை, நாங்களே தருவோம் என்றார்.

"போர்வையெல்லாம் அவங்களே குடுப்பாங்களாம்" என்று சொன்னேன்.

பிள்ளையைப் பற்றிக் கேட்டால் போர்வையைப் பற்றிப் பதில் வருகிறது. யாரும் சிரிக்கவில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "சரிங்க தம்பி, வெளங்கிருச்சு" என்றார்.

அடுத்த கூட்டத்துக்குக் காரில் போனோம். கேப்டன் முன் சீட்டில், நானும் தலைவரும் பின்னால்.

"தம்பி, ஜப்பான் பாஷைதான் எனக்குத் தெரியாது. தமிழ் தெரியும்" என்றார் தலைவர்.

நான் முன் சீட்டைப் பார்த்தேன்.

"உண்டாம், திரும்பிடலாமாம்... அது என்ன 'ஆம்'? அடுத்த தோட்டத்துல அது வேண்டாம்."

"பழக்கத்துல வந்திருச்சுங்க."

"வீட்ல சம்சாரத்துக்கு இது எத்தனாவது மாசம்?"

"ஏழுங்க."

"பத்திரமாப் பாத்துக்குங்க."

குரலில் கோபமே இல்லை. கல்யாண வீட்டில் குசலம் விசாரிப்பது போலத்தான் கேட்டார்.

இரண்டாவது தோட்டம் புக்கிட் செலம்பாவ் பக்கம். அதே பேச்சு. இந்த முறை நான் சொன்னது இப்படி — "சாப்பாடு உண்டு. சம்பளம் உண்டு. மூணு மாசத்துல திரும்பிடலாம்."

கூட்டம் முடிந்ததும் மாரிமுத்து என்பவர் என்னிடம் வந்தார். முப்பது வயது இருக்கும். கேப்டனிடம் போகவில்லை, தலைவரிடமும் போகவில்லை. என் காதருகே குனிந்து கேட்டார்.

"தம்பி, அவங்கள விடுங்க. நீங்க படிச்சவரு. நெசந்தானா?"

தலைவர் நாலடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"நெசந்தாண்ணே" என்றேன்.

பத்து நாள் கழித்து லாரிகள் வந்தன. லூனாஸ் பக்கத்துத் தோட்டத்தில் பாதி லயத்து வீடுகள் காலியாக இருந்தன. அஞ்சலை அக்காவின் மகன்கள் பெண்டாங் பக்கம் ஒரு மலாய்க்காரர் நெல் வயலில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். எல்லோரும் தப்பித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். அகப்பட்டவர்களை இழுத்துத்தான் போனார்கள்.

மாரிமுத்துவின் தோட்டத்தில் யாரையும் இழுக்க வேண்டியிருக்கவில்லை. மூட்டையோடு வரிசையில் நின்றார்கள். பெயரைச் சரிபார்க்க நானும் போயிருந்தேன். லாரியில் ஏறிய மாரிமுத்து என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

மூன்று மாதம் ஆனது. ஒரு வருஷம் ஆனது. சண்டையே முடிந்தது. சயாமிலிருந்து சிலர் எலும்பும் தோலுமாக வந்தார்கள். மாரிமுத்து வரவில்லை.

அவர் மனைவியைப் பார்க்கப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம்... ஆனால் தூக்கம் வரவில்லையே. அன்று கேப்டன் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னவன் நான்தான் என்று சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை முறத்திலிருந்த கிழங்கை நறுக்கிக்கொண்டிருந்தவர், தலை நிமிராமல் பேசினார்.

"நீங்க என்னா பண்ணுவீங்க. மேல உள்ளவங்க சொன்னதத்தான சொன்னீங்க."

ஆறுதலுக்குச் சொன்னார். ஆனால் அது சரியில்லை என்று எனக்குத் தெரியும். மேலே உள்ளவர்கள் சொன்னதை மாரிமுத்து நம்பவே இல்லை. நான் சொன்னதைத்தான் நம்பினார்.

பதவியில் இருப்பவர்களைச் சாதாரண ஜனங்கள் லேசில் நம்புவதில்லை. அது அவர்களுக்கும் தெரியும். அதனால்தான் நடுவில் நம்மைப் போல் ஒருவனை நிறுத்துகிறார்கள். கிராணி, வாத்தியார், பக்கத்து வீட்டுக்காரன்... பொய் அவர்களுடையது, முகம் நம்முடையது.

பிறகு வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். டவுனில் வரவேற்பு. மேடையில் ஒரு பிரிட்டிஷ் மேஜர், பக்கத்தில் மாலையோடு — வேறு யார், தலைவர்தான். மேஜர் தோட்டங்களுக்குப் போய்ப் பேசப் போகிறாராம். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமாம். தலைவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க" என்றேன்.

துரையின் ஆபீஸில் நாலு வருஷம் வேலை பார்த்தவன் நான். அது தலைவருக்கும் தெரியும். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வேறு ஆளைத் தேடச் சொன்னார்.

அன்று மாலையே ஆள் கிடைத்துவிட்டது.