முதலில் சலி, பிறகு சேர்

சேலையூர் கேம்ப் ரோட்டில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்த ஞானஜோதியைக் கணக்குப் புலி என்பார்கள். பி.எஸ்சி. முடித்துவிட்டு, தாம்பரத்தில் ஒரு கிறிஸ்தவத் திருமணத் தகவல் மையத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தாள். அவளைப் படிக்க வைத்தது அக்கா தபீதாள், பள்ளிக்கூட டீச்சர். அப்பா போனபின் குடும்பத்தை இழுத்துப் பிடித்து, தங்கையை ஆளாக்கிவிட்டு நிமிர்ந்தபோது தபீதாளுக்கு வயது முப்பத்து மூன்று. கல்யாணம் வேண்டாம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. வேண்டும் என்று சொல்லத்தான் வெட்கம். கடைசியில் தங்கை வேலை பார்த்த மையத்திலேயே பெயரைப் பதிந்தாள்.

மையத்தை நடத்திய ஜெபராஜ் சார் ரிட்டயர்டு குமாஸ்தா. அங்கே வழக்கம் இதுதான்: கம்ப்யூட்டர் எல்லாப் பெண்களையும் எல்லாப் பையன்களோடும் ஜோடி சேர்த்துக் கட்டுக்கட்டாக அச்சடிக்கும். அதற்கே மதியமாகிவிடும். பிறகு சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒத்துவராத ஜோடிகளைச் சிவப்புப் பென்சிலால் அடிப்பார். பையன் வீட்டார் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல 'பெண் முப்பதுக்குள்' என்றே எழுதியிருப்பார்கள். அதனால் வயதில்தான் பென்சில் அதிகம் ஓடும்.

சில சமயம் பென்சில் நிற்கும். "வயசு கொஞ்சம் கூடத்தான். ஆனா நல்ல பொண்ணும்மா. பையனோட அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசிப் பாக்கலாம்" என்று போனை எடுப்பார். அப்படி நடந்த கல்யாணங்கள் எனக்கே தெரியும்.

தொண்ணூற்று மூன்றில் ஞானஜோதி மாலை வகுப்பில் டேட்டாபேஸ் படிக்கப் போனாள். அதில் பட்டியல்களை வைத்துப் போடும் கணக்கான ரிலேஷனல் அல்ஜீப்ரா அவளுக்கு வெல்லமாக இனித்தது. ஒரு பட்டியலில் வேண்டிய வரிகளை மட்டும் பொறுக்க ஒரு குறி. இரண்டு பட்டியல்களைச் சேர்க்க இன்னொரு குறி, படுக்க வைத்த உடுக்கை மாதிரி. சேர்த்துவிட்டுப் பொறுக்கினாலும், பொறுக்கிவிட்டுச் சேர்த்தாலும் விடை ஒன்றுதான். ஆனால் முதலில் பொறுக்கிவிட்டால் சேர்க்க வேண்டியது குறையும், வேலை சீக்கிரம் முடியும். இதை நிரூபிக்கச் சொல்லிப் பரீட்சையில் கேட்டார்கள். முழு மார்க் வாங்கினாள்.

படித்ததைச் செய்து பார்க்காமல் இருப்பாளா? முப்பது தாண்டிய பெண்களை முதலிலேயே சலித்துவிட்டு, மிச்சத்தை மட்டும் பையன்களோடு சேர்த்தாள். மதியம் வரை ஓடிய வேலை டீ ஆறுவதற்குள் முடிந்தது. சார் சொக்கிப்போய் அதை போர்டில் எழுதிக் காட்டச் சொன்னார். சிவப்புப் பென்சில் மேஜை டிராயருக்குள் போனது. அக்காவின் பெயர் எப்படியும் அடிபட வேண்டிய பெயர்தானே, விடை மாறவில்லையே என்று இந்த மகராசி கணக்காக நினைத்துக்கொண்டாள். பென்சில் நின்ற இடங்களுக்கு அந்த அல்ஜீப்ராவில் குறியே கிடையாது.

சனிக்கிழமைதோறும் தபீதாள் கேட்பாள். "என் பேரு வந்துச்சா ஜோதி?"

"வரலக்கா."

அவள் வெங்காயம் நறுக்குவதைத் தொடர்வாள்.

மறு வருஷம் வண்டலூர் சின்னப்பனுக்கு மையத்தின் மூலம் கல்யாணம். லைப்ரரியன், முப்பத்தாறு வயது, அமைதியான ஆள். கல்யாண விருந்தில் அவன் அம்மா ஞானஜோதியின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். "எங்களுக்கு டீச்சர் பொண்ணுன்னா ரொம்ப ஆசைம்மா. முப்பதுக்குள்ளன்னு எல்லாரும் எழுதறாங்களேன்னு எழுதினோம். வயசு கூட இருந்தா பரவால்லயான்னு எங்களை யாரும் கேக்கலியே."

ஞானஜோதி பிரியாணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். மறுநாளே ஜெபராஜ் சாரிடம் போய், பழைய முறைக்கே திரும்பிவிடலாம் என்றாள். அவர் அப்போது குரோம்பேட்டையில் இரண்டாவது ஆபீஸ் திறக்கும் மும்முரத்தில் இருந்தார்.

"எதுக்கும்மா? ரெண்டுக்கும் விடை ஒண்ணுதான்னு நீதானே போர்டுல எழுதிக் காட்டினே?"

அவள் கிளம்பி வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டி அழுதாள். தபீதாள் கடைசிவரை கேட்டாள்.

"அப்போ நீ போட்ட கணக்கு தப்பா?"

"இல்லக்கா. சரிதான்."

"சரியான கணக்குல நான் எதுக்குடி நடுவுல? என் பேரை எடுத்துடு."

திங்கட்கிழமை எடுத்துவிட்டாள். கம்ப்யூட்டர் ஒரு நொடிகூடக் கூடுதல் வேகத்தில் ஓடவில்லை.