ஏழு மாதத்துக் குழி

ஊசிக்கு அடியில் துணிக்குப் பதிலாகக் காகிதம் போய்க்கொண்டிருந்தது. இடது கை பதினைந்து தாள்களை ஓரம் பிசகாமல் பிடித்திருக்க, வலது கை சக்கரத்தை ஒவ்வொரு தையலாகத் திருப்பியது. மோட்டாரைப் போட்டால் காகிதம் கிழியும். நெருக்கித் தைத்தால் ஓட்டைகள் ஒன்றுசேர்ந்து தாள் கழன்று கையோடு வந்துவிடும். அதனால் தையலை நீளமாக வைத்திருந்தாள்.

எல்லோருக்கும் அவள் தையலக்கா. ஐந்து வருடமாகத் தன் தெருவுக்கும் பக்கத்து நாலு தெருவுக்கும் ஒரு வலைப்பூ நடத்துகிறாள். தண்ணீர் எப்போது வரும், மின்சாரம் எப்போது போகும், எந்தப் பஸ் நின்றுவிட்டது, எல்லாம் ஃபோன் போட்டு விசாரித்து எழுதுவாள். காதில் விழுந்ததை எழுதமாட்டாள்.

தெருமுனையில் சாக்கடை மூடி உடைந்தபோதும் 'பெரிய பள்ளம்' என்று எழுத அவளுக்கு மனம் வரவில்லை. இன்ச் டேப்பை நீட்டி வைத்துப் படம் எடுத்துப் போட்டாள். பதினாலு இன்ச். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய் அளந்தாள். ஓரம் உதிர்ந்து உதிர்ந்து இப்போது முப்பத்தொன்று. மருந்துக்கடைக்காரர் அதில் விழுந்து கால் உடைந்து படுத்திருக்கிறார். நகராட்சி அலுவலகக் கோப்பிலோ புது மூடி போட்டாகிவிட்டது என்று இருக்கிறது. ஆட்சேபம் இருந்தால் இன்று நாலு மணிக்குள் கொடுக்க வேண்டும். தவறினால் கோப்பை முடித்துவிடுவார்கள். குழி அப்படியே கிடக்கும்.

வலைப்பூவைத் தினமும் ஐந்நூறு பேர் பார்க்கிறார்கள். ஆட்சேபத்துக்குக் கையெழுத்துக் கேட்டால் ஒருவரும் வரவில்லை. "அதான் நீங்க எழுதிட்டீங்களேக்கா" என்றார்கள். காலையில் அலுவலகத்தில் செல்ஃபோனை நீட்டிக் காட்டினாள். குமாஸ்தா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "இதெல்லாம் ஃபைல்ல வைக்க முடியாதும்மா. காகிதமாக் கொண்டாங்க. உதிரியா வேணாம், தொலைஞ்சிடும்."

தைத்து முடித்த கட்டை, எதிரில் பட்டன் தைத்துக்கொண்டிருந்த நாத்தனார் வாங்கிப் புரட்டினாள்.

"ஏன் அண்ணி, குழி சின்னதாகிட்டே வருது?"

"என்னது?"

"முதல் பக்கம் முப்பத்தொண்ணு. கடைசிப் பக்கம் பதினாலு. இன்னும் நாலு பக்கம் இருந்தா தானா மூடிக்கும் போல."

வலைப்பூவில் புதியதுதான் மேலே நிற்கும். அந்த வரிசையிலேயே அச்செடுத்து, அந்த வரிசையிலேயே தைத்தும்விட்டாள்.

"தேதி போட்டிருக்கேன்ல."

"தேதியப் பாக்குற ஆளா இருந்தா ஏழு மாசம் சும்மா இருந்திருப்பாங்களா?"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி இரண்டே முக்கால். இத்தனை வருடத்தில் ஒரு சட்டைக்குக்கூடக் கையைத் திருப்பி வைத்துத் தைத்ததில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நூலைப் பிரித்தாள். பழைய ஓட்டையிலேயே தைத்தால் கிழியும். அரை இன்ச் உள்ளே தள்ளினால் படத்தில் இருக்கும் டேப்பின் ஆரம்பம் தையலுக்குள் போய்விடும். அப்புறம் அந்த அளவை யார் நம்புவார்கள்? தாளின் மேல் விளிம்பில் வெற்றிடம் இருந்தது. வரிசையை மாற்றி, காலண்டர் மாதிரி மேலே தூக்கிப் புரட்டும்படி அங்கே தைத்தாள்.

"மதியம் சாப்பிடல நீங்க" என்றாள் நாத்தனார்.

"வந்து சாப்பிடுறேன்."

மூன்று ஐம்பதுக்கு, ஆட்சேபக் கடிதமும் அதன் நகலும் தைத்த கட்டுமாக அலுவலக ஜன்னலுக்கு முன்னால் நின்றாள். குமாஸ்தா பக்கங்களைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். பதினாலு, பதினைந்தரை, பதினேழு. பாதியில் நிமிர்ந்தார்.

"தையலக்கா வலைப்பூ நீங்கதானாம்மா? தினமும் பாப்பேன். தண்ணிக்காக."

"தண்ணிச் செய்திக்குக் கீழதான் சார் குழி இருந்துச்சு."

"அவ்ளோ கீழ போறதில்லம்மா" என்றார், சங்கடமே இல்லாமல். "நாளைக்கு எங்களுக்குத் தண்ணி காலையிலயா, சாயங்காலமா? இன்னும் போடலையே நீங்க?"

"முதல்ல சீல் வைங்க சார். சொல்றேன்."

அவர் கட்டைத் தன் பக்கம் இழுத்தார். அது வரவில்லை, மறு ஓரம் அவள் பிடியில் இருந்தது. ஆட்சேபக் கடிதத்தின் நகலில் சீலும் தேதியும் நேரமும் விழுந்ததைப் படித்துப் பார்த்த பிறகுதான் விரலை எடுத்தாள்.