நிலம் அவனுக்கு, டுரியான் மரம் அவளுக்கு

பேர்லினில் நான் வேலை செய்யும் உணவகச் சமையலறையில் இந்தோனேசியப் பெண் ஒருத்தி இருக்கிறாள். மலையடியிலுள்ள விவசாயக் கிராமத்துக்காரி. போன வருடம் அவளுடைய தம்பி ஊர் நிலத்தை விற்றுவிட்டான். அதில் நிற்கும் டுரியான் மரம் அவள் நட்டது. அவர்கள் ஊர் வழக்கப்படி நிலம் யாரிடம் போனாலும் மரம் நட்டவருக்குத்தான். ஆனால் பழம் விழும் காலத்தில் உரியவர் வந்து பொறுக்கவேண்டும். வராவிட்டால் மரமும் நிலத்துக்காரனுக்குப் போய்விடும். இவளுக்கோ லீவு கிடைக்கவில்லை.

"மரம் போச்சுது அக்கா," என்றாள் ஜெர்மன் மொழியில், வெங்காயம் உரித்தபடி.

"இஞ்சை இருந்துகொண்டு அதை என்ன கட்டிப்பிடிக்கவோ போறீர்?" என்றேன்.

"உங்களுக்கென்ன, வாய் இருக்குது."

அடுத்த நாள் நிலத்தை வாங்கியவனே வீடியோவில் அழைத்தான். மரத்தடியில் அயலவர்களும் ஊர்த் தலைவரும் நின்றார்கள். அவன் கையில் பழம் ஒன்று. ஏதோ கேட்டான். இவள் சிரித்துப் பதில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"பழம் விழுந்திட்டுதாம், சாப்பிடலாமோ எண்டு கேக்கிறான். சாப்பிடுங்கோ, அயலுக்கும் குடுங்கோ எண்டு சொன்னன். எல்லாருக்கும் முன்னாலை என்னட்டைக் கேட்டிட்டான் அக்கா!"

தன் மரத்துப் பழத்துக்கு யார் அனுமதி கேட்பார்கள்? தலைவரும் தலையாட்டினாராம். இந்த வருடம் மரம் இவளுக்கே என்று ஆயிற்று.

"அடுத்த வருசம் கேளாமல் திண்டால்?"

"அவனாலை ஏலாது அக்கா. கேளாமல் திண்டால் அவனுக்குத் தொண்டையிலை இறங்காது."