லிஃப்ட்டுக்குப் போன பலகை

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு கம்பி நிற்கிறது. துணி காயப்போட வருகிறவர்கள் அதைப் பார்த்து ஏதாவது கேலி சொல்லாமல் இறங்கமாட்டார்கள். "உங்க வீட்டுக்காரர் இடியைப் புடிச்சு வித்துடுவாரு போலயே" என்பாள் கீழ்வீட்டுத் தையல்காரி. நானும் சிரித்துவைப்பேன். அந்தக் கம்பி பிடித்துக் கொடுத்தது என் மகனை.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். மகன் சரக்குக் கப்பலில் இன்ஜின் அறை வேலைக்குப் போன வருடம், சீட்டுக்கட்டு அளவில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பலகை வாங்கி வந்தார். போகிற கப்பலெல்லாம் தன் பெயரையும் இருக்கிற இடத்தையும் ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகுமாம். மாடிக் கம்பி அதைக் கேட்கும். பலகை அதைப் படித்து எங்கள் டிவியில் ஒரு புள்ளியாகக் காட்டும். மகனுடைய கப்பல் எங்கள் ஊர்த் துறைமுகத்துக்குள் வராது. வருடத்தில் இரண்டு தடவை எங்கள் கடலோரமாகத் தாண்டிப் போகும். அந்தப் புள்ளி நகர்ந்து மறைய மூன்று மணி நேரம். அவ்வளவு நேரமும் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து வேண்டிக்கொண்டிருப்பேன்.

"போன்லயே பாத்துக்கலாமே மச்சான், எதுக்கு இவ்ளோ பாடு?" என்று என் தம்பி ஒருமுறை கேட்டான்.

"அது அவன் எங்க இருக்கான்னு யாரோ சொல்றது. இது அவன் கப்பலே நம்ம மாடிக்கு வந்து சொல்றது" என்றார் இவர்.

போன வருடம் அந்தப் பலகை போய்விட்டது. குற்றம் என்னுடையது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவர் அதில் ஒயர் மாற்றிக்கொண்டிருக்கும்போது சாப்பிட வாங்க என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். அவசரத்தில், கண்ணாடி போடாமல், ஒரு ஒயரைப் பலகையின் ஓரத்து ஊசிமுள் வரிசையில் ஒரு முள் தள்ளிச் செருகிவிட்டார். ஒரு சின்ன 'டப்'. பிறகு கருகல் வாடை. அன்றைக்கு இருவரும் சாப்பிடவில்லை.

புதிதாக ஒன்று வாங்கினால் போச்சு என்று நினைத்தோம். முன்பெல்லாம் அந்தப் பலகை கடையில் சோப்புக்கட்டி மாதிரி அடுக்கியிருக்கும். இப்போது சனிக்கிழமை தவறாமல் போய்க் கேட்டாலும் கடைக்காரர் கையை விரித்தார்.

"வரல அண்ணே. பெரிய கம்பெனிங்க மொத்தமா புக் பண்ணிடறாங்க. நம்மளப் போல ஒண்ணு கேட்டா இல்லைங்கறான். ஆயிரம் கேட்டா உக்கார வெச்சு காப்பி குடுக்கறான்."

"உங்களுக்குக் குடுத்தானா?"

"நான் அம்பது கேட்டேன். தண்ணி குடுத்தான்."

எங்களைப் போன்றவர்கள் வீட்டில் நோண்டிப் பழகத்தான் அந்தப் பலகையையே செய்ய ஆரம்பித்தார்களாம். இதைச் சொல்லும்போது இவர் குரல் இறங்கிவிடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இவர் வேலைக்குக் கொண்டுபோகும் பையிலேயே அந்தப் பலகைகள் இருந்தன. லிஃப்ட்டுக்குள் இப்போது விளம்பரம் ஓடும் திரை வைக்கிறார்கள். ஒவ்வொரு திரைக்குப் பின்னாலும் அதே பலகை. நாளுக்கு ஆறு, ஏழு என்று மாட்டிவிட்டு வருவார். 'ஒன்று குறைந்தால் யாருக்குத் தெரியும்?' என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. நான்தான் மனதுக்குள் கேட்டேன். கடவுள் என்னை மன்னிக்கட்டும்.

இந்த மாதம் மகன் போன் செய்தான். "புதன்கிழமை காலைல நம்ம ஊரத் தாண்டுறோம்மா. அப்பாகிட்ட சொல்லு, டிவியத் துடைச்சு வெக்கட்டும்." பலகை போனதை நாங்கள் அவனிடம் சொல்லவே இல்லை.

இவர் போய்த் தன் கம்பெனி மேலாளரிடமே கேட்டுவிட்டார். உடைந்த திரை ஒன்றிலிருந்து கழற்றிய பலகையை அவர் தாராளமாகக் கொடுத்தார். "கொண்டுபோங்க. ஆனா பூட்டு போட்டது. எங்க பாட்டத்தான் பாடும்."

இவர் நம்பவில்லை. செவ்வாய்க்கிழமை லீவு போட்டு, மூன்று விதமாக முயன்று பார்த்தார். என்ன புரோகிராம் ஏற்றினாலும் பலகை அதை ஒதுக்கிவிட்டு, டிவியில் கம்பெனியின் நீல முத்திரையைக் காட்டிவிட்டு அணைந்தது. "நம்ம கையில இருக்கு, நம்ம பேச்சைக் கேக்கமாட்டேங்குது" என்றார். அவர் அப்படித் தோள் தொங்கிப்போய் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

புதன்கிழமை விடிந்ததும் அவரைக் காணோம். மாடியில் இருந்தார். பரணில் கிடந்த கை ரேடியோவைக் கம்பியோடு இணைத்திருந்தார்.

"இங்க வாயேன். இதுக்குப் படிக்கத் தெரியாது. ஆனா காது இருக்கு."

பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரே இரைச்சல். நடுவில் 'க்ரிச்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. வெட்டுக்கிளி மாதிரி.

"ஒவ்வொண்ணும் ஒரு கப்பல்" என்றார்.

"இதுல எதுங்க அவனோடது?"

"தெரியலம்மா. இதுல ஒண்ணு."

வெயில் ஏறியது. தையல்காரி துணியோடு வந்தவள், எங்களைப் பார்த்து எதுவும் சொல்லாமல் ஒரு ஓரமாகக் காயப்போட்டுவிட்டுப் போனாள். எது அவனுடையது என்று தெரியாததால் ஒரு சத்தத்தையும் விடவில்லை நான். ஒவ்வொரு 'க்ரிச்'சுக்கும், "நல்லபடியா போய்ட்டு வாப்பா" என்றேன். பத்து மணிக்கு மேல் அவரும் கூடவே சொல்ல ஆரம்பித்தார்.