ஏரிக்கரையில் கூடாரத்துக்கு ஓர் இடம்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, எங்கள் வீட்டில் கம்ப்யூட்டரை ஒழுங்காகக் கையாளத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று எல்லோரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கையில்தான் அமெரிக்காவில் நாங்கள் எங்கே தங்குவது என்ற பெரிய காரியத்தை என்னிடம் ஒப்படைத்தார்கள். அப்படி ஒப்படைத்தது எவ்வளவு பிழை என்று அவர்களுக்கு இரண்டே நாளில் தெரிந்துவிட்டது.

மாமா, அதாவது அம்மாவின் ஒரே தம்பி, ஓஹாயோவில் கொலம்பஸ் நகரத்தில் இருந்தார். அம்மா கல்யாணம் கட்டி லண்டனுக்கு வந்த நாளிலிருந்து பதினாறு வருடமாக அக்காவும் தம்பியும் நேரில் பார்த்துக்கொள்ளவில்லை. விசா, வேலை, பிள்ளைகள் என்று ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம் வந்துகொண்டே இருந்தது. அந்த வருடக் கோடை விடுமுறைக்கு ஒருவழியாக எல்லாம் பொருந்தி வந்தது. வீட்டில் இருந்து அலுக்க வேண்டாம், எல்லோரும் நாலு நாள் வெளியே போய்த் தங்குவோம் என்று மாமா சொன்னார். நகரத்தைச் சுற்றியிருந்த மூன்று இடங்களின் பட்டியலை எனக்கு அனுப்பியும் வைத்தார்.

முதலாவது ஏரிக்கரையில், கூடாரங்களுக்கு மட்டும். இரண்டாவது குடும்பங்களுக்கானது, மரத்தாலான சின்ன வீடுகளும் நீச்சல் குளமும் இருந்தன. மூன்றாவது நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில், கட்டிலும் சமைக்கக் குசினியும் கக்கூசும் உள்ளேயே வைத்துக் கட்டிய பெரிய வண்டிகளை நிறுத்தித் தங்கும் இடம். அப்பா லண்டனில் டபுள் டெக்கர் பஸ் ஓட்டுபவர். அந்த வண்டியின் படத்தைப் பார்த்ததும் அவர் மற்ற இரண்டையும் திரும்பிப் பார்க்கவில்லை. விடுமுறையிலும் பஸ் ஓட்ட ஆசைப்படுகிற மனிதரைத் தான் இப்போதுதான் காண்கிறேன் என்று அம்மா சொன்னார்.

லண்டன் நோர்பரியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லாப்டொப்பை வைத்து, அந்த இடங்களைப் பற்றி முன்பு போனவர்கள் எழுதியவற்றை நான் வாசித்துக் காட்டினேன். வாசிக்க வாசிக்கக் குழப்பம்தான் கூடியது. ஒரே இடத்தை ஒருவர் சொர்க்கம் என்றார். மற்றவர் இரத்தம் குடிக்கிற நுளம்புக்காட்டில் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டதாகத் திட்டியிருந்தார். ஒருவர் ஏரியைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாமல் கக்கூசுக்கு மட்டும் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்.

அதைவிடப் பெரிய குழப்பம் அம்மாவின் கேள்விகள். நான் நீச்சல் குளத்தின் படத்தைக் காட்டினால் குடிக்கிற தண்ணீர் எத்தனை அடி தூரத்தில் என்று கேட்டார். நிலம் மேடா பள்ளமா, மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், ஒரு கக்கூசுக்கு எத்தனை பேர், சுற்றி வேலி இருக்கிறதா, வாசலில் பெயர் பதிய வேண்டுமா என்றெல்லாம் கேட்டார். அந்தத் தளத்தில் இதற்கெல்லாம் பதில் இல்லை. நாய் கூட்டி வரலாமா என்பதற்கு மட்டும் மூன்று பக்கம் பதில் இருந்தது.

லண்டனின் மறுபக்கம் ரெய்னர்ஸ் லேனில் இருந்த மாமிக்கு, அதாவது தன் அக்காவுக்கு, விடுமுறைக்குக் காம்பிங் போகிறோம் என்று அப்பா டெலிபோனில் சொன்னார். “காம்புக்கோ? ஐயோ, ஏன்? அங்கை என்ன பிரச்சினை?” என்று மாமி பதறியது எனக்கும் கேட்டது. அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

மாமாவுக்குக் கூடாரம்தான் வேண்டுமாயிருந்தது. சனிக்கிழமை பின்னேரம் அவர் வீடியோவில் வந்தபோது அம்மா அது தனக்குச் சரிவராது என்றார். மாமா கெஞ்சினார்.

“அக்கா, ஒருக்கா நாங்களா விரும்பிப் போய் ஒரு டென்றுக்குள்ளை படுத்துப் பாப்பம். ஒரே ஒருக்கா.”

“உனக்கு அப்ப ஆறு வயசு. உனக்கு ஞாபகம் இருக்கிறது வேறை, எனக்கு ஞாபகம் இருக்கிறது வேறை” என்றார் அம்மா.

மாமா இறங்கி வந்தார். அக்கா எதைச் சொல்கிறாவோ அதுதான் முடிவு, தான் அனுப்பிய பட்டியலில் மூன்றில் ஒன்றை மருமகள் அழுத்தித் தெரிவித்தால் போதும், மிச்சத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அம்மா என்னைப் பார்த்து, “ரெண்டாவதை அமத்து பிள்ளை” என்று சொல்லிவிட்டுக் கெயார் ஹோமில் வயதானவர்களைப் பார்க்கும் வேலைக்குப் புறப்பட்டார்.

நான் முதலாவதை அழுத்தினேன்.

தவறி அழுத்தவில்லை. என் வகுப்பில் கூடாரத்துக்குள் படுத்திராத பிள்ளை நான் ஒருத்திதான் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு செப்டெம்பரிலும் விடுமுறைக் கதை சொல்லும்போது ஒருத்தி வேல்ஸில் கூடாரம் போட்டதாகச் சொல்வாள், இன்னொருவன் கூடாரத்துக்குள் நரி தலையை நீட்டியதாகச் சொல்வான். மரவீட்டில் தங்கியதை எப்படிக் கதையாகச் சொல்வது? அப்பா அடுத்த அறையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். நான் லாப்டொப்பை மூடிவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அடுத்த நாள் மத்தியானம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மாவின் போனுக்கு மாமாவின் குரல்பதிவு ஒன்று வந்தது. அம்மா கை கழுவாமல் முழங்கையால் போனை அழுத்தினார்.

“அக்கா, நீங்கள் ஓமெண்டு சொல்லுவியள் எண்டு நான் நினைக்கவே இல்லை. பெரிய உபகாரம் அக்கா…” அதற்கு மேல் மாமாவால் பேச முடியவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தத்தோடு அது நின்றுவிட்டது.

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் தட்டில் இருந்த கத்தரிக்காயைப் பார்த்தேன். அடி விழும், குறைந்தது லாப்டொப்பாவது பறிபோகும் என்று காத்திருந்தேன். அப்பாவும் விளங்கிக்கொண்டு, “பிழையா அமத்திப்போட்டாள் எண்டு சொல்லட்டே?” என்று கேட்டார். அம்மா தலையை ஆட்டி மறுத்தார். “வேண்டாம். அவன் அழுதிட்டான்” என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பிப் போய்க் கையைக் கழுவினார். குழாய் நெடுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. செய்த குற்றத்துக்குத் தண்டனை வராத குழப்பத்தில் அன்று முழுவதும் நான் அம்மாவின் பின்னாலேயே திரிந்தேன். தேத்தண்ணி வேண்டுமா என்று மூன்று தரம் கேட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அப்பா தன்னோடு வேலை செய்கிறவரிடம் ஒரு கூடாரம் இரவல் வாங்கி வந்தார். போட்டுப் பழகிக்கொள்ள வேண்டும் என்று எங்கள் வீட்டின் பின்வளவில் விரித்தார். ஒரு கார் நிறுத்தினால் நிறைந்துவிடும் அளவு புல்தரை அது. கம்பிகளை எந்த ஓட்டைக்குள் விடுவதென்று தெரியாமல் அப்பா படம் போட்ட தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் ஒரு பக்கம் தூக்கினால் மறுபக்கம் விழுந்தது. மழையும் தூறத் தொடங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் தலையை நீட்டி ஏதோ நல்வாழ்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அம்மா குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அப்பாவின் பெரிய சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

“விடுங்கோ. உதிலை போட்டா வெள்ளம் உள்ளுக்கை வரும்” என்றார்.

எல்லாவற்றையும் இழுத்து மதிலோரம் சற்று உயர்ந்திருந்த மூலைக்குக் கொண்டுபோனார். காற்று எந்தப் பக்கம் என்று நின்று பார்த்து, வாசலை மற்றப் பக்கம் திருப்பினார். தாளைப் பார்க்கவே இல்லை. முளைகளைச் சரித்து இறுக்கி, கயிற்றை ஒரு விரலால் சுண்டிப் பார்த்தார். பத்து நிமிடத்தில் கூடாரம் நிமிர்ந்து நின்றது. அதோடு விட்டிருக்கலாம். பூக்கன்று நடும் சின்ன மண்வெட்டியை எடுத்து, குந்தியிருந்து, கூடாரத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு வாய்க்கால் வெட்டத் தொடங்கினார். அப்பா பார்த்துப் பார்த்து வளர்த்த புல் துண்டு துண்டாகப் பெயர்ந்து விழுந்தது. அப்பா அந்தத் துண்டுகளைப் பொறுக்கி மதிலோரம் அடுக்கினார். கொஞ்ச நேரத்தில் மழைத்தண்ணீர் அந்த வாய்க்காலில் இறங்கி, கூடாரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, வடிகாலை நோக்கிப் போனது.

 பாணில் பட்டர் பூசுவதற்கே நேரமில்லை என்று ஓடித் திரிகிற என் அம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

“எங்கையம்மா பழகினனீங்கள்?”

அம்மா மண்வெட்டியைப் புல்லில் துடைத்தபடி, “பள்ளிக்கூடத்திலை” என்றார்.

அது பொய்யில்லை. அது எந்தப் பள்ளிக்கூடம் என்று அப்பா எனக்குச் சொன்னபோது நான் பல்கலைக்கழகம் போயிருந்தேன். நாட்டில் நடந்த போருக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடியபோது அம்மாவும் மாமாவும் அவர்களுடைய தாய் தகப்பனும் அகதிகள் காம்பாக மாற்றியிருந்த ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் கூடாரத்துக்குள் பதினொரு மாதம் இருந்திருக்கிறார்கள். அம்மாவுக்குப் பதினைந்து வயது. மாரி மழையில் மைதானம் குளமானபோது, தகப்பன் காய்ச்சலில் எழும்ப முடியாமல் கிடந்தார். வாய்க்கால் வெட்டியது அம்மா. அந்த மாரியோடு தகப்பன் போய்விட்டார்.

இதில் எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் கூடாரம் போடப் படிப்பிக்கிற நாடு எவ்வளவு நல்ல நாடு என்றே நினைத்தேன்.

ஓகஸ்டில் ஓஹாயோ போனோம். ஏரி உண்மையிலேயே அழகாயிருந்தது, நுளம்பும் உண்மை. முதல் நாள் காலை நான் கூடாரத்தை விட்டு வெளியே வந்தபோது, அம்மாவும் மாமாவும் தண்ணீரைப் பார்த்தபடி ஒரே போர்வையைச் சுற்றிக்கொண்டு இருந்தார்கள். அந்தப் பள்ளிக்கூட மைதானத்தில் ஒவ்வொரு நாளும் தான் பட்டம் விட்டதாக மாமா சொன்னார். அது பட்டமில்லை, நூலில் கட்டிய உரப்பை என்று அம்மா திருத்தினார். இரண்டு பேரும் பெலத்துச் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்த பிறகும் அம்மாவின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. உரப்பையில் அழுவதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

பள்ளிக்கூடம் தொடங்கியதும் என் கதையை எல்லோருக்கும் சொன்னேன். பெற்றோரைச் சந்திக்கும் நாளில் என் ரீச்சர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் பள்ளிக்கூடத்தில் கூடாரம் போடப் பழக்கினார்களாமே, எத்தனை நாள் என்று ஆவலாகக் கேட்டார். பதினொரு மாதம் என்று அம்மா ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். ரீச்சர் வியந்துபோனார். அப்பா சுவரில் ஒட்டியிருந்த பிள்ளைகளின் படங்களைக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வாசலுக்கு வந்ததும், எங்கள் பள்ளிக்கூடத்திலும் அப்படிப் பதினொரு மாதம் மைதானத்தில் இருக்க விடுவார்களா என்று கேட்டேன்.

அம்மா குனிந்து என் கோட்டின் மேல் பொத்தானைப் பூட்டினார். “விடமாட்டினம் பிள்ளை” என்றார். பிறகு, “விடவும் கூடாது” என்றார்.

லண்டன் பள்ளிக்கூடங்களைப் போல அம்மாவும் சும்மா எல்லாவற்றுக்கும் பயப்படுகிறார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.