அறுபத்து நான்காம் டோக்கன்

ராஜாவைக் கொல்லும் நாளில் ராஜேந்திரன் காலையிலேயே சவரம் செய்துகொண்டுவிடுவார். படைத்தலைவன், அமைச்சர் வகையறா சாவதற்கு முகம் கழுவினால் போதும். ஒற்றன் என்றால் அதுகூடக் கிடையாது. பல் துலக்காமல் காப்பி குடித்த கையோடு ஆளை முடித்துவிடுவார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். அந்தப் பக்கம் குவளையில் சவர பிரஷ்ஷைத் தட்டுகிற சத்தம் கேட்டால், இன்றைக்குப் பெரிய தலை ஒன்று உருளப்போகிறது என்று தெரிந்துகொண்டு என் வேலையைப் பார்க்கப் போவேன்.

எங்கள் தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. சுரங்கத்தை மூடுகிறவரை இருபத்தாறு வருஷம் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தார். இப்போது வயது எழுபத்தொன்று, தொழில் சரித்திர நாவலாசிரியர். 'குவளாலபுரத்து வேங்கை' என்று மூன்று பாகத்தில் ஒரே நாவல். பன்னிரண்டு வருஷமாக எழுதுகிறார், இரண்டாயிரத்து நூற்று நாற்பது பக்கம். எப்போது முடியும் என்று மட்டும் கேட்டுவிடக்கூடாது. "நாவல்னா இன்னா, மாரிகுப்பம் ரயிலா? டைமுக்கு வந்து நிக்கிறதுக்கு?" என்று பாய்வார். மாரிகுப்பம் ரயிலும் டைமுக்கு வருவதில்லை என்று சொன்னால் அதற்கு வேறு கோபித்துக்கொள்வார்.

கதாநாயகன் வீரகங்கன் என்ற ராஜா. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்தத் தங்கச் சீமையை ஆண்டவன் என்று ராஜேந்திரன் சொல்கிறார். வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எட்டடி உயரம், யானைத் தோள், எதிரியைப் பார்த்துச் சிரித்தால் எதிரிக்குக் காய்ச்சல் வரும். ராஜேந்திரன் கல்யாண ஊர்வலத்தில் தவிர குதிரையைப் பார்த்தவர் இல்லை. அதனால் கதையில் குதிரை போகும் வேகத்தையெல்லாம் ரயில்வே கால அட்டவணையை வைத்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறார். வீரகங்கனின் வெண்புரவி காற்றாய்ப் பறந்து வரும். பங்காருப்பேட்டை வந்ததும் ஏனென்று தெரியாமல் ஐந்து நிமிடம் நிற்கும். அரண்மனைக் காவல் காலை ஆறு, பகல் இரண்டு, இரவு பத்து மணிக்கு மாறும். எதிரி நாட்டுப் படை எப்போது வந்தாலும் சரியாக ஷிப்ட் மாறுகிற நேரம் பார்த்துத்தான் கோட்டை மேல் ஏறும். இதையெல்லாம் நான் எடுத்துச் சொன்னேன். "கிளாரன்ஸு, நீ தமிழ் வாத்தியாரு. புள்ளி வெச்சியா, கொம்பு சுழிச்சியா, போய்னே இரு. சரித்திரத்துல கை வெக்காத" என்றார். அதிலிருந்து நான் ஒற்றுப்பிழை மட்டும் திருத்துகிறேன்.

அவர் எழுதுகிறார் என்று ஊரே சொல்கிறது. உண்மையில் ஒரு வரிகூட அவர் எழுதுவதில்லை. கையை முதுகில் கட்டிக்கொண்டு நடந்தபடியே சொல்வார். அவர் மனைவி நளினி எழுதுவார். "இருவத்தாறு வருஷம் ஆஜரு, ஆப்சென்டுனு போட்டே இந்தக் கை தேஞ்சிபோச்சு" என்பது காரணம். நளினிக்குச் சமையல் கை, தோய்க்கிற கை எல்லாம் அதே கைதான் என்பது அவருக்குத் தோன்றியதில்லை. போர் நடந்துகொண்டிருக்கும்போதே குக்கர் விசில் அடிக்கும். நளினி பேனாவை வைத்துவிட்டு எழுந்து போவார். அதுவரை இரண்டு படைகளும் வாளை ஓங்கியபடி அப்படியே நிற்கும்.

ராஜேந்திரன் பார்த்த உத்தியோகத்தை இங்கே சொல்லியாகவேண்டும். கேஜில், அதாவது சுரங்கத்துக்குள் ஆளை இறக்குகிற இரும்புக் கூண்டில், இறங்கப்போகிறவன் டைம் ஆபீஸ் ஜன்னலில் தன் நம்பர் அடித்த பித்தளை டோக்கனைக் கொடுப்பான். அது பலகையில் அவன் ஆணியில் தொங்கும். ஷிப்ட் முடிந்து மேலே வந்ததும் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவான். ஒரு டோக்கன் மிஞ்சித் தொங்கினால் ஒரு ஆள் இன்னும் கீழே இருக்கிறான். அவன் வருகிறவரை கிளார்க் நாற்காலியை விட்டு எழக்கூடாது. நாவலுக்கும் ராஜேந்திரன் அதே ஏற்பாட்டைத்தான் செய்திருந்தார். பழைய பித்தளைக் கடையில் அள்ளிக்கொண்டு வந்த டோக்கன்கள், கூடத்துச் சுவரில் ஒரு பலகை, நூற்றுப்பன்னிரண்டு ஆணி. பாத்திரம் கதைக்குள் நுழைந்தால் டோக்கன் ஏறும். செத்தாலோ, சந்நியாசம் போனாலோ, கல்யாணமாகிக் கதையை விட்டு நகர்ந்தாலோ இறங்கும். யார் எந்த நம்பர் என்பதற்கு ஒரு நீளமான பேரேடு. சுரங்கக் கழிவு மண்ணைக் கொட்டிவைத்த சயனைடு மேட்டிலிருந்து காற்றடித்தால் பலகை முழுக்க மாவு மாதிரி தூசி படியும். தினமும் அதைத் துடைப்பதும் நளினிதான்.

இப்படி இருக்கும்போது நளினிக்குக் கண் மங்கிவிட்டது. இரண்டு கண்ணிலும் புரை, இடது கண் முற்றிவிட்டது, உடனே எடுக்கவேண்டும் என்று பெங்களூர் டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷன் செய்தால் ஒரு மாதத்துக்காவது பேனாவைத் தொடக்கூடாது என்று ராஜேந்திரன் எங்கேயோ கேட்டுவிட்டு வந்தார். அவ்வளவுதான், தேதி தள்ளிப்போக ஆரம்பித்தது. முதல் தடவை, படை ஆற்றைத் தாண்டட்டும் என்றார். இரண்டாம் தடவை முடிசூட்டு விழா. மூன்றாம் தடவை இளவரசியின் சுயம்வரம். ஒவ்வொரு தடவையும் "இன்னும் ரெண்டே அத்தியாயம்மே" என்பார். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் போன் செய்து, "மேடம், டேட் கன்ஃபர்ம் பண்ணலாமா?" என்று கேட்டாள். "ராஜா இன்னும் சாவலம்மா, செத்ததும் நானே போன் பண்றேன்" என்று நளினி சொன்னதை நான் என் காதால் கேட்டேன். அந்தப் பெண் என்ன நினைத்தாளோ, ஒரு மாதம் போனே வரவில்லை.

சுவரில் கையெழுத்துப் பிரதியை வைத்து முட்டிக்கொள்ளலாமா என்று எனக்கு இருந்தது. வரவர நளினியின் வரிகள் தாளில் மேலே ஏறி, கீழே இறங்கி, ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொண்டு வந்தன. தாளை மூக்கோடு ஒட்டிப் பிடித்து எழுதினார். ராஜேந்திரன் அதைப் பார்த்து, "உன் கையெழுத்து முன்ன மாதிரி இல்ல, கெட்டுப்போச்சு" என்றார்.

ஒருவழியாக ஒரு சனிக்கிழமை காலை சவர பிரஷ் தட்டும் சத்தம் கேட்டது. அறுபத்துமூன்று வயதில் வீரகங்கன் வீரசொர்க்கம் எய்தினான். திங்கட்கிழமை ஆபரேஷன் என்று தேதியும் முடிவாகியிருந்தது. டோக்கன் இறக்கும் வைபவத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். கடைசிவரை உயிரோடிருந்த பதினேழு பேரின் பெயரை ராஜேந்திரன் பேரேட்டைப் பார்த்துப் படித்துப் படித்து ஒவ்வொரு டோக்கனாகக் கழற்றினார். கழற்றும்போது பலகையைப் பார்க்கவில்லை. நான் மலைத்துப்போயிருக்கிறேனா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்ததும் நாற்காலியில் சாய்ந்து, "அவ்ளோதான், ஷாஃப்ட் காலி" என்றார். சுரங்கக் குழியில் ஆள் யாரும் மிஞ்சவில்லை என்று அர்த்தம்.

நளினி வழக்கம்போல ஈரத்துணியை எடுத்துக்கொண்டு போய்ப் பலகையைத் துடைத்தார். கீழ்மூலையில் கை நின்றது.

"இங்க ஒண்ணு கீதுங்க."

"ஆணியா இருக்கும்மே."

"ஆணிக்கு நம்பர் போட்டிருக்குமா?" நளினி கட்டைவிரலால் தடவினார். "ஆறு. நாலு. அறுவத்தி நாலு யாருங்க?"

ராஜேந்திரன் பேரேட்டைப் புரட்டினார். விரல் ஒரு வரியில் போய் நின்றது. "பூவன்" என்றார்.

"எந்தப் பூவன்?" என்றேன். அன்றுவரை எழுதியதையெல்லாம் இரண்டு முறை திருத்தியவன் நான்.

பதில் சொன்னது நளினி. "மொத பாகம், பதினெட்டாவது அத்தியாயம். ராஜா குழியப் பாக்க வருவாரு. தங்க ரேகையக் காட்டறேன்னு பந்தம் புடிச்சிகினு ஒருத்தன் உள்ள எறங்குவான். அதுக்குள்ள குதிரைமேல தூதன் வந்துட்டான். ராஜா சண்டைக்குப் பூட்டாரு." கணவர் பக்கம் திரும்பினார். "நீங்களும் கூடவே பூட்டீங்க."

அப்போது ராஜாவுக்கு வயது இருபத்திரண்டு. ஆக நாற்பத்தொரு வருஷம் ஒரு மனிதன் கையில் பந்தத்தோடு பாதாளத்தில் நிற்கிறான். தங்கம் தோண்டுகிற ஊரைப் பற்றித் தங்கம் தோண்டுகிற ஊர்க்காரர் எழுதிய நாவல். அதில் ராஜா, ராணி, தளபதி, ஒற்றன், சோதிடன், நடனக்காரி என்று நூற்றுப்பதினொரு பேர். தோண்டுகிறவன் ஒரே ஒருத்தன். அவனையும் உள்ளே விட்டுவிட்டு வந்துவிட்டார், அதுவும் டைம் ஆபீஸ் கிளார்க். ஒற்று மிகுமா மிகாதா என்று தேடிக்கொண்டிருந்த எனக்கும் ஆள் காணாமல் போனது தெரியவில்லை. அதனால் அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வாய் இல்லை.

வாய் இல்லாதவன் சும்மா இருந்திருக்கலாம். "இதெல்லாம் யார் கவனிக்கப்போகிறார்கள்? டோக்கனைக் கழற்றி டிராயரில் போடுங்கள்" என்றேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வையில் நான் நாற்காலியோடு சேர்ந்து சுருங்கிப்போனேன்.

"ஆளு மேல வராம டோக்கன கயட்டக்கூடாதுண்ணா" என்றார் நளினி. "எனக்குப் பதினோரு வயசு. பாறை வெடிச்சப்போ எங்க நைனா டோக்கனு ரெண்டு நாளு தொங்கிச்சு. எங்கம்மா ஜன்னலாண்டயே நின்னாங்க. அந்தக் கிளார்க்கு சோறு திங்கக்கூட எழுந்து போவல."

இதைக் கேட்டும் ராஜேந்திரனுக்குள் இருந்த ஆசிரியர் அடங்கினாரா? இல்லை. துள்ளி எழுந்தார். கை முதுகுக்குப் போய்விட்டது. "அஞ்சு அத்தியாயம் வெக்கிறேன். மொதல்ல பூகம்பம். ராஜா கனவுல பூவன் வர்றான். ராஜா கண்ணீரு வுட்றாரு. ஏழு நாட்டு யானைங்கள இட்னு வந்து குழியத் தோண்டறாங்க. மே, ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு சொல்லிடு."

நாலாவது தடவை. என் நாக்கு நுனிவரை கெட்ட வார்த்தை வந்துவிட்டது. நளினி என்னைக் கையமர்த்திவிட்டு நோட்டை மடியில் விரித்துக்கொண்டார். "போன் அப்பால போடலாம். நீங்க சொல்லுங்க, எழுதிக்கறேன்."

ஒன்றரை மணி நேரம் சொன்னார். விண் அதிர்ந்தது, மண் பிளந்தது, யானைகள் பிளிறின, ராஜாவின் கண்ணீர் குழிக்குள் ஆறாகப் பாய்ந்தது. அந்த ஆற்றில் பூவன் மூழ்கிவிடப்போகிறானே என்று எனக்குக் கவலை. நளினி தலை குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். ஓய்ந்ததும் நோட்டை என்னிடம் நீட்டி, "படிங்கண்ணா, என்னால படிக்க முடியல" என்றார்.

பக்கத்தில் இரண்டே வரி இருந்தது. கோணல்மாணலாக, ஆனால் தெளிவாக. 'பூவன் மேலே வந்தான். கைகால் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.'

"மீதி எங்க?" என்று கத்தினார் ராஜேந்திரன்.

"மீதி ஒண்ணியும் தெரியலைங்க. ஒட்டுக்கா மங்கலா பூட்ச்சி. இந்த ரெண்டுதான் எழுத வந்துது."

இது நிஜமா, சாமர்த்தியமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ராஜேந்திரன் வாயைத் திறந்தார். ஒரு காற்புள்ளியை எடுத்தால்கூட மூன்று நாள் பேசாத மனிதர். ஏதோ சொல்லப்போய், நளினியின் முகத்தைப் பார்த்தார். பாலாடை கட்டினமாதிரி வெளுத்திருந்த அந்த இடது கண்ணை அவர் உண்மையிலேயே பார்த்தது அப்போதுதான் என்று நான் சத்தியம் செய்வேன். பலகையிடம் போய் அறுபத்து நாலைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை விடிந்ததும் மூன்று பேரும் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் பெங்களூர் ரயில் ஏறினோம். திருந்திவிட்டார் என்று நினைத்தேன். எங்கே! ஆஸ்பத்திரிப் பையோடு முதல் பாகத்துக் கட்டும் வந்திருந்தது. கண் ஆஸ்பத்திரியின் காத்திருக்கும் கூடத்தில், கண்ணில் கட்டுப் போட்ட நாலு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களால் எழுந்து ஓட முடியாது என்பதை ராஜேந்திரன் ஒரே பார்வையில் கண்டுகொண்டார். பக்கத்தில் போய் அமர்ந்து முதல் அத்தியாயத்திலிருந்து படிக்க ஆரம்பித்துவிட்டார். பன்னிரண்டு வருஷத்தில் அவருக்குக் கிடைத்த முதல் சபை. கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் நிஜமாகவே "ம், ம்" கொட்டினார்.

வீரகங்கன் தன் அண்ணனின் கழுத்துக்கு வாளை ஓங்குகிற இடம் வந்தபோது நர்ஸ் நளினியின் பெயரைக் கூப்பிட்டாள். நளினி வளையலைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். கணவரிடம், "வர்றேங்க" என்றார். கதவு மூடிக்கொண்டது.

ராஜேந்திரன் வாக்கியத்தை முடிக்காமல் எழுந்தார். கதவின் பக்கத்தில் ஒரு மாதக் காலண்டர் ஆணியில் தொங்கியது. சட்டைப்பையிலிருந்து அறுபத்து நாலை எடுத்து அந்த ஆணியில் மாட்டினார். "அங்கிள், ஏனு இது? தெகீரி, தெகீரி" என்று இன்னொரு நர்ஸ் அதைக் கழற்றச் சொல்லிக் கன்னடத்தில் கத்தினாள். அவர் காதில் விழவில்லை. ஒரு நாற்காலியைத் தரதரவென்று இழுத்துவந்து ஆணிக்கு நேரெதிரே போட்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். கையெழுத்துக் கட்டு அங்கே பெஞ்சில் அவிழ்ந்து கிடந்தது.

கண்ணில் கட்டோடிருந்த பெரியவர் குரல் வந்த திசையைத் தேடித் தலையைத் திருப்பினார். "ஐயா, வாள ஓங்கினாரே, அப்பால இன்னா ஆச்சு? ராஜா வெட்டிட்டாரா?"

"சும்மா இருய்யா" என்றார் ராஜேந்திரன், ஆணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "உள்ள ஆளு கீது."